மளிகைச் சேமிப்பு அட்டையில் என் 6,000 ரூபாய் போனது: தர்மபுரிக்காரர்கள் கவனத்துக்கு

தர்மபுரியில் இருப்பவர்களும், பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கமிருந்து மளிகை வாங்க இங்கே வருபவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எழுதுகிற எனக்குத்தான் பொறுமை இல்லை. "ஒன்றும் செய்ய முடியாது" என்ற கடைசிப் பதிலை இன்று மதியம்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பல மாவட்டங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட், அவ்வளவுதான். அங்கே நீல அட்டை வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

போன பொங்கல் முடிந்த கையோடு அந்த நீல அட்டைச் சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாதம் 500 ரூபாய், 12 தவணை, மொத்தம் 6,000. கடை தன் பங்காக 600 ரூபாய் சேர்த்து, அடுத்த பொங்கலுக்கு 6,600 ரூபாய்க்குப் பொருள் தரும். நம் ஊரில் பண்டு கட்டாத வீடு உண்டா? ஆனாலும் நான் தயங்கினேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் பையன் விடவில்லை. "தெருவில் பண்டு பிடிப்பவர்கள் ஓடிப்போவார்கள் அக்கா. இவ்வளவு பெரிய கட்டடம் எங்கே ஓடும்? நானும் பென்னாகரத்துக்காரன்தான். ஏதாவது என்றால் என்னை வந்து கேளுங்கள்" என்றான். அம்மாவை உட்கார வைக்க நாற்காலி கொண்டுவந்து போட்டான். அந்த நாற்காலிக்காகவே கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டடம் ஓடவில்லைதான். பையனைத்தான் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய், முந்திரி, அம்மாவுக்கு ராகி மாவு என்று தள்ளுவண்டி நிறைய எடுத்துக்கொண்டு பில் போட நின்றேன். அட்டையை இயந்திரத்தில் தேய்த்த பெண், "இது காலாவதி ஆகிவிட்டது அக்கா" என்றாள். ஆடி மாதத் தவணையை 10ஆம் தேதிக்கு மேல் கட்டியிருக்கிறேனாம். ஒரு தவணை தள்ளிப்போனாலும் அட்டை ரத்து, கட்டிய பணம் திரும்பாது என்று அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்வதைப்போல ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தவணையை வாங்கிய அன்று யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் மார்கழி வரை மாதாமாதம் 500 ரூபாயை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கிறார்கள். காலாவதியான அட்டைக்கு எதற்குப் பணம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "கணினி ஏற்றுக்கொண்டது" என்கிறார்கள். வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார்கள்.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். மேலாளரைக் கேட்டால் கூட்டத்தில் இருக்கிறார் என்பார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தால் பாட்டுதான் பாடும். தலைமை அலுவலகம் கிளையைக் கேட்கச் சொல்லும், கிளை தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொல்லும். யாருமே என்னிடம் பேசாத நிலையில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செல்பேசிக்குச் செய்தி வந்தது. பில் போடும்போதெல்லாம் செல்பேசி எண்ணைக் கேட்டு வாங்குகிறார்களே (அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023லேயே சொல்லிவிட்டது), அந்த எண்ணுக்கு ஆடித் தள்ளுபடிச் செய்தி தவறாமல் வருகிறது. தவணை நாளை நினைவூட்ட மட்டும் அவர்களுக்கு விரல் வராது.

ரசீதைக் கொண்டுவா என்றார்கள். கொண்டுபோனேன். அது சூட்டில் அச்சாகும் தாள். தை, மாசி ரசீதுகளில் எழுத்தே இல்லை, வெள்ளைத் தாளாகிவிட்டன. அதைக் காட்டியபோது மேலாளர் சிரித்தார். பிறகு, "ஆறாயிரத்துக்கு வழக்கா போடப் போகிறீர்கள்? போடுவதாக இருந்தாலும் எங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் போட வேண்டும்" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தை பொய். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் சட்டத்தைக் காட்டினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒரே குறை உள்ள பலருக்காக ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம். அவர் இன்னொன்றும் சொன்னார். பொருளுக்காக ஒரு நிறுவனம் வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தந்துவிட வேண்டும், தராவிட்டால் அந்தப் பணம் சட்டப்படி வைப்புத்தொகையாகக் கருதப்படும், அதற்கு விதிகள் வேறு. நகைச்சீட்டை 11 மாதத்தோடு முடிப்பது இதனால்தானாம். என் முதல் தவணைக்கு அந்தக் கெடு இந்தத் தையோடு முடிகிறது.

அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அரூர் அம்மாவிடமும் இதே அட்டைதான், இதே பதில்தான். அவர் வழியாக இன்னும் சிலர் கிடைத்தார்கள். நாங்கள் சேர்ந்து போகத் தொடங்கியதும் மேலாளரின் குரல் மாறியது. "நீங்கள் மட்டும் வாருங்கள், 3,000 ரூபாய்க்குப் பொருள் தருகிறேன், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்" என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். என் பணம் 6,000 ரூபாய். அதில் பாதியை எனக்கே பிச்சை போட்டு, மற்றவர்களை நான் கைவிட வேண்டுமாம். மாட்டேன் என்றேன். அந்தக் கோபத்தில்தான் இன்றைய "ஒன்றும் செய்ய முடியாது" வந்தது. ஆறாயிரத்துக்கு எவன் அலைவான் என்ற கணக்கில் எத்தனை பேர் பணத்தை விழுங்கியிருப்பார்களோ!

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ரசீது கையில் வந்த அன்றே படம் பிடித்து வையுங்கள். நிபந்தனையைத் தமிழில் எழுதித் தராத திட்டத்தில் சேராதீர்கள். கடையின் எண்ணோடு நிற்காமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தனியாக அழைத்துப் பேரம் பேசினால் போகாதீர்கள்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்கான கூட்டுப் புகாரிலும் கையெழுத்துப் போடப் போகிறோம். நீல அட்டை வைத்திருப்பவர்கள் அட்டையின் இரண்டு பக்க நகலையும் இருக்கிற ரசீதுகளையும், எழுத்து அழிந்தவை உட்பட, எடுத்துக்கொண்டு காலை 10 மணிக்குள் வந்துவிடுங்கள்.