யுனிசெஃப் 'பெட்டிப் பள்ளிக்கூடம்': மூடி பிரமாதம், வாசிக்கத்தான் ஒன்றுமில்லை

1989-இல் தொடங்கி விட்டுவிட்டு நடந்த போர் 2003-இல் ஓய்ந்ததும், லைபீரியாவில் பள்ளிகளைத் திரும்பத் திறக்க யுனிசெஃப் அனுப்பியது இந்தப் பூட்டுப் போட்ட அலுமினியப் பெட்டியைத்தான். ஒரு ஆசிரியர், 40 பிள்ளைகள் என்ற கணக்கில் அடுக்கியது. நோட்டு, பென்சில், ரப்பர், கத்தரிக்கோல், எண்ணிப் பழக மரக்கட்டைகள், மணி பார்க்கப் பழக மரக் கடிகாரம், எழுத்தும் எண்ணும் வாய்ப்பாடும் உள்ள மூன்று லேமினேட் போஸ்டர்கள், கையால் சுற்றி ஓட்டும் ரேடியோ. ரேடியோவில் பாட ஒலிபரப்பு வராத ஊரில் அது சும்மாதான்.

நோட்டில் மார்ஜின் கோடு கிடையாது. அரபுபோல வலமிருந்து எழுதும் பிள்ளைக்கும் அதே நோட்டு. யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

மூடிதான் கரும்பலகை, அதற்கான பெயிண்ட் உள்ளேயே இருக்கிறது. அவசரம் ஆகாது. தூசி துடைத்து மெல்லிசாக ஒரு கோட், காய்ந்தபின் இன்னொன்று. ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் உரிந்து வரும். நன்றாகக் காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைக்க வேண்டும். இதை விட்டால் முதல் நாள் எழுதியதன் சுவடு லேசில் போகாது. லைபீரியாவில் மே முதல் அக்டோபர்வரை மழை. ஈரக்காற்றில் காய இன்னும் நேரமாகும். மூடி சிறிசு என்பதால் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்காதீர்கள், அரைவட்டம்தான் சரி.

காலையில் 40, மதியம் 40 என்று ஷிப்ட் வைத்தால் மூடியும் கடிகாரமும் தாங்கும், நோட்டும் பென்சிலும் தாங்காது. தீர்ந்த பொருளுக்கு நிரப்புப் பெட்டி தனியாக உண்டு. பாதி நோட்டு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். மழையில் மண்சாலையை நம்ப முடியாது. தீர்ந்துவிடுமே என்று பூட்டியே வைப்பதும் நடக்கும், அது தீர்ந்துபோவதைவிட நஷ்டம்.

பெரிய குறை, வாசிக்கப் புத்தகம் இல்லை. எந்த நாட்டுக்கும் பொருந்த வேண்டுமென்று பாடத்தையும் மொழியையும் வெளியே விட்டிருக்கிறார்கள். லைபீரியாவின் போங் பகுதியில் வீட்டில் க்பெல்லே மொழி, வகுப்பில் ஆங்கிலம். போஸ்டரில் எழுத்து படித்த பிள்ளை அடுத்து எதை எழுத்துக்கூட்டும்? பெட்டி வரும்போதே உள்ளூர்க் கதைப்புத்தகங்களுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

போரில் பள்ளியை விட்ட 14, 15 வயதுக்காரர்களை மரக்கட்டை எண்ண உட்காரவைத்தால் கூசிப்போவார்கள். ஆறு வருட ஆரம்பப் பாடத்தை மூன்றில் முடிக்கும் துரிதக் கல்வி அவர்களுக்கென்றே அங்கே நடந்தது. அந்த வகுப்புக்குப் பெட்டியிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தால் போதும்.