கூடுவாஞ்சேரியா, நாவலூரா? ரயிலை நம்பும் வீடும் காரை நம்பும் வீடும்

சென்னைக்குத் தெற்கே வீடு தேடுகிறவர்கள் பலர் கடைசியில் இரண்டு சாலைகளுக்கு நடுவில் வந்து குழம்புவார்கள். ஒன்று, கூடுவாஞ்சேரி இருக்கும் ஜி.எஸ்.டி. ரோடு (தாம்பரம் - செங்கல்பட்டு நெடுஞ்சாலை), பக்கத்திலேயே மின்சார ரயில். இன்னொன்று, நாவலூர் இருக்கும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை), அங்கே ரயில் கிடையாது.

இரண்டும் வளர்ந்த விதமே வேறு. பீச் - தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றிப் பெருகிய ஊர்கள். ஓ.எம்.ஆரில் முதலில் ஐ.டி. கம்பெனிகள், அப்புறம் ஆறுவழிச் சாலை, அதன்பின் அடுக்குமாடிகள். மெட்ரோ இப்போதுதான் கட்டுகிறார்கள்.

முதலில் காசு. ஆபீஸ் கிண்டியில் என்று வைத்துக்கொள்வோம். நாவலூரிலிருந்து கிண்டிக்குக் காரில் போய்வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் எட்டாயிரம் பக்கம் வரும். கார் கடன் தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. கூடுவாஞ்சேரியிலிருந்து அதே கிண்டிக்கு ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். இதில் போட்டியே இல்லை.

ஆனால் அந்த சில நூறு ரூபாய்க்கு உடம்பு கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து வரும் காலை வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் 'கொஞ்சம் தள்ளிக்குங்க' என்று ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். தாம்பரத்தில் ஏறுகிற கூட்டத்துக்குப் பிறகு கையில் இருக்கும் போனைப் பார்க்கவும் இடமிருக்காது. சாயங்காலம் பார்க் ஸ்டேஷனில் ஏற வேண்டியவர்கள் எதிர்த்திசையில் பீச்சுக்குப் போய், சீட் பிடித்துத் திரும்பி வருவது இந்தப் பாதையில் பழகிய வித்தை. 2025-இல் வந்த ஏ.சி. மின்சார ரயில் சுகம்தான், ஆனால் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய்; சாதாரண வண்டியில் 5 ரூபாய். தாம்பரம் தாண்டினால் வண்டிகள் குறைவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

காரில் ஏ.சி., பாட்டு, சொந்த சீட். சரி. ஆனால் காலை நேரத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலையும் மெட்ரோ தடுப்புகளையும் தாண்டும் வரை கிளட்சும் பிரேக்கும்தான் வேலை. ரயிலில் முக்கால் மணி நேரம் என்றால் கொஞ்சம் முன்பின் முக்கால் மணி நேரம்தான். காரில் நேற்று ஐம்பது நிமிடம், இன்று ஒன்றரை மணி. தாமதத்தைவிட, எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் எரிச்சல்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறு. காரை நம்பும் வீட்டில் யாரோ ஒருவர் டிரைவர் ஆகிவிடுகிறார். மகளின் டியூஷன், அம்மாவின் பல் டாக்டர், மாமியாரின் கோயில், எல்லாம் அவர் கையில் சாவி இருந்தால்தான் நடக்கும். ஓ.எம்.ஆரில் பஸ் இல்லாமல் இல்லை. 570-ஆம் எண் பஸ் ஓடுகிறது, சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசமும் உண்டு. ஆனால் உள்ளே தள்ளி இருக்கும் அடுக்குமாடியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, அந்த அகலச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க ஸ்டாப்புக்குப் போவதற்குள் எழுபது வயதுக்காரர் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று திரும்பிவிடுவார். ஸ்டேஷன் பக்கத்து வீடென்றால் காலேஜ் பெண் தானே போய்த் தானே வருவாள். அப்பா தி.நகர் போக யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்த லாபமெல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற வீட்டுக்கு மட்டும்தான். கூடுவாஞ்சேரியில் நெல்லிக்குப்பம் சாலையில் நாலு கிலோமீட்டர் உள்ளே போய் மனை வாங்கிவிட்டு 'ரயில் வசதி உண்டு' என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து அலுத்து முதலில் ஒரு ஸ்கூட்டர் வரும், மழைக்காலத்தில் கார் வரும். ரயில் ஊரில் கார் வாழ்க்கை. இரண்டு பக்கச் செலவும் உங்களுடையதுதான்.

மழை வெள்ளத்தில் இரண்டுமே படுத்துவிடும். 2023 மிக்ஜாம் புயலின்போது ரயிலும் ஓடவில்லை, காரும் நகரவில்லை. அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆபீஸ் நாவலூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவிலேயே இருந்தால் நாவலூரை எடுங்கள், பைக்கே போதும். ஆனால் ஐ.டி.யில் ஆபீஸ் மாறிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கடன் இருபது வருஷம் நிற்கும். கிண்டி, எழும்பூர், பாரிமுனைப் பக்கம் வேலை என்றால், கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் பழைய, கொஞ்சம் சின்ன ஃபிளாட்டாக இருந்தாலும் அதையே எடுப்பேன். நீச்சல் குளம் இருக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, புரோக்கரின் காரில் ஏறாமல், வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் ஸ்டேஷன் வரை நடக்கச் சொல்லிப் பாருங்கள்.