கை மாறிய காசு: ஹெக்குக்குப் பிறகு திருப்பி எழுதுவதா, அப்படியே விடுவதா?

2016 ஜூலையில் என் கிரிப்டோ வொலட்டில், எதேரியம் வலையமைப்பின் நாணயமான ஈதர் கொஞ்சம் இருந்தது. முந்தைய மாதம் நடந்த ஒரு ஹெக்கால் (கணினி வழிக் களவால்) அந்த மாதம் 20ஆம் திகதி எதேரியம் இரண்டாகப் பிரிந்தபோது, அதே அளவு எதேரியம் கிளாசிக்கும் என் பெயருக்கு வந்து நின்றது. களவு போனதைத் திருப்பி எழுதிய சங்கிலி (பிளொக்செயின், அதாவது கொடுக்கல் வாங்கல் பதியும் பொது ஏடு) ஈதருடையது, நடந்தது நடந்ததுதான் என்று விட்ட சங்கிலி கிளாசிக்குடையது. நான் கிளாசிக்கை விற்றேன், ஈதரை வைத்துக்கொண்டேன். ஆனால் இன்று யாராவது கேட்டால், ஹெக் நடந்த பிறகு சங்கிலியைத் திருப்பி எழுதக் கூடாது என்ற பக்கம்தான் நிற்பேன். முரணாகத் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே காரணத்தில் நிற்பவை.

வழக்கமான வாதங்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். திருப்பி எழுதினால் பறிகொடுத்தவருக்குக் காசு கிடைக்கும். விட்டுவிட்டால் எவரும் வளைக்க முடியாத கணக்கு என்ற பெயர் நிலைக்கும். சரி. அந்தப் பெயரும் முழுக்கச் சுத்தமானதல்ல. 2010 ஆகஸ்ட் 15 அன்று ஒரு நிரல் பிழையால் பிட்கொயினில் 18,400 கோடி நாணயங்கள் திடீரென முளைத்தன. மொத்தமே 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டக் கூடாத நாணயம் அது. சில மணி நேரத்தில் திருத்தம் வெளியாகி, அந்தப் பிழை பதிவான கட்டத்தை (பிளொக்கை) விட்டு விலகிச் சங்கிலி வேறு வழியில் வளர்ந்தது. இன்றுவரை அதைத் தவறென்று சொல்பவர்கள் குறைவு.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: காசு கை மாறிவிட்டதா?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வங்கிக் கவுண்டரில். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வேலைக்கான கூலியை யூஎஸ்டிடியில் (டொலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயத்தில்) அனுப்பினார். அதை ஒருவருக்கு விற்றேன், அவர் என் கணக்கில் ரூபாய் போட்டார். மூன்றாம் நாள் கணக்கு முடங்கிவிட்டது. அவர் போட்ட ரூபாய் வேறு யாரிடமோ ஏமாற்றி எடுத்தது என்று முறைப்பாடு வந்திருந்தது. வெள்ளவத்தையில் டோக்கன் துண்டைக் கையில் கசக்கியபடி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் அந்த அதிகாரி கணினித் திரையை என் பக்கம் சற்றுத் திருப்பி, "தம்பி, இது உங்கட காசு இல்லை எண்டு நாங்கள் சொல்லேல்ல. ஆனா ஆற்ற காசு எண்டு எங்களுக்கும் தெரியாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பறிகொடுத்தவருக்கும் நியாயம் உண்டு. ஆனால் வேலை செய்து கூலி வாங்கிய எனக்கும் நியாயம் உண்டே. நான்கு மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன். களவு எடுத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. (கிரிப்டோ தொழிலுக்கு எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பல முறை எச்சரித்திருக்கிறது. ஆகவே போய் முறையிட எனக்கு ஓர் இடமும் இருக்கவில்லை.)

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்த என் மாமா இதை முன்பே அனுபவித்தவர். நேர்மையாக விலை கொடுத்து வாங்கிய தங்கச் சங்கிலி ஒன்றை, களவு நகை என்று பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. ஆனால் நகைக்கு ஒரு முகம் உண்டு, உரியவர் கண்டால் அடையாளம் சொல்வார். ஒரே முகவரியில் கலந்துவிட்ட ஈதரில் எது களவு, எது கூலி என்று எப்படிப் பிரிப்பது?

இப்போது 2016க்கு வருகிறேன். ஜூன் 17 அன்று, எதேரியத்தில் தானாக இயங்கும் நிரலாக எழுதப்பட்ட 'தி டாவோ' என்ற கூட்டு முதலீட்டு ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டையால் ஏறக்குறைய 36 இலட்சம் ஈதர் வழிந்து போனது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் அதே ஒப்பந்தத்தின் ஒரு கிளை. விதிப்படி குறைந்தது 27 நாட்களுக்கு எடுத்தவனாலேயே அதைத் தொட முடியாது. அந்த ஈதருக்கு யாரும் பொருள் விற்கவில்லை, யாரும் கூலி வாங்கவில்லை. திருத்தியபோதும் சங்கிலியைப் பின்னால் ஓட்டவில்லை. டாவோவில் இருந்த ஈதரை மட்டும் மீளப்பெறும் ஒப்பந்தம் ஒன்றுக்கு மாற்றினார்கள், 100 டாவோ டோக்கனுக்கு (முதலீட்டாளர் பங்குக்கு) 1 ஈதர் என்று உரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களின் கொடுக்கல் வாங்கல் எதிலும் கை வைக்கவில்லை. அதனால்தான் அன்று திருத்திய பக்கம் நின்றேன்.

2025 பெப்ரவரி 21 வேறு கதை. பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் போனது, அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி டொலர். பைபிட்டில் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கையொப்பமிட்டவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் உண்மையில் ஒப்புக்கொண்டது வேறொன்று. வட கொரியாவின் வேலை என்று எப்பிஐ சொன்னது. சங்கிலியைப் பின்னால் கொண்டுபோங்கள் என்று உடனே குரல்கள் எழுந்தன. அதற்குள் அந்த ஈதர் பல முகவரிகளுக்குச் சிதறி நகரத் தொடங்கிவிட்டது.

பின்னால் கொண்டுபோயிருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்று கொழும்பில் ஒருவர் ஈதரை விற்று ரூபாய் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். சங்கிலி ஒரு நாள் பின்னால் போகிறது. ஈதர் விற்றவர் கைக்கே திரும்பி வருகிறது. ரூபாயும் அவர் கணக்கில்தான் கிடக்கிறது, ஏனென்றால் வங்கி ஏடு பின்னால் போகாது. வாங்கியவர் தெருவில் நிற்பார். பைபிட்டின் காசை மீட்க, அந்த ஹெக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் பையில் கை வைத்ததாகவே முடியும். அதைச் செய்யாமல் விட்டது மிகச் சரி என்பேன். பைபிட் கடன் வாங்கித் தன் வாடிக்கையாளர்களின் குறையை நிரப்பியது. நட்டம் பூட்டைக் காத்திருக்க வேண்டியவர் தலையில் விழுந்தது.

வங்கிகளிலும் இதே கணக்குத்தான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து களவு போன காசில் 2 கோடி டொலர் கொழும்புக்குத்தான் வந்தது. பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழை சந்தேகத்தைக் கிளப்ப, யாரும் எடுப்பதற்கு முன் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 இலட்சம் சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்தது. அதில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. ஒரே களவு, ஒரே வாரம். கொழும்பில் காசு நின்றது, மணிலாவில் ஓடிவிட்டது.

அப்படியானால் கிளாசிக்கை வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றவே முடியாது என்ற கொள்கையில் பிறந்த அந்தச் சங்கிலி 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் 51 சதவீதத் தாக்குதலுக்கு ஆளானது. கணினி வலு அதிகம் சேர்த்தவர்கள் அதன் வரலாற்றைத் தங்கள் வசதிக்குத் திருப்பி எழுதினார்கள். கொள்கை நல்லதுதான், அதைக் காக்கப் போதிய ஆள் பலம் இருக்கவில்லை. சின்னச் சங்கிலிகளில் காசு வைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

என் அளவுகோல் வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் பாரிட்டி என்ற வொலட் மென்பொருளில் பலரின் வொலட்டுகளும் நம்பியிருந்த பொது நிரலை ஒருவர் தெரியாத்தனமாக அழித்துவிட்டதில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் உறைந்து போனது. யாரும் திருடவில்லை, காசு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கை மாறவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற என் கணக்குப்படி இதைக் கொடுத்திருக்க வேண்டும். மீட்பதற்கான முன்மொழிவு 2018இல் வந்து, ஏற்கப்படாமல் போனது. டாவோக்காரர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் இல்லை. ஒருமுறை கதவைத் திறந்தால் அடுத்தவர் வரிசையில் நிற்பார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது இவர்கள். அந்த ஈதர் இன்னும் அதே முகவரிகளில் கிடக்கிறது.