பேனலின் முதுகில் பத்துக் கிலோ மெழுகு

குளச்சலுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 330 வாட் சோலார் பேனல்கள் ஒன்பது இருக்கின்றன. அவற்றுள் இரண்டின் பின்புறத்தில் மட்டும், வெப்பத்தை உள்வாங்கிப் பேனலைக் குளிர்விக்கும் மெழுகுப் பெட்டிகளைச் சென்ற மாசியில் பொருத்தி, வைகாசி முடியும்வரை கவனித்து வந்தேன். பெட்டி ஒன்றின் விலை 4,500 ரூபாய், பொருத்துகூலி தனி.

பேனலில் எழுதியிருக்கும் வாட் அளவு, செல்கள் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. நண்பகல் வெயிலில் அவை அதைவிட மிகவும் சூடாகிவிடுகின்றன. டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்சாரம் குறைகிறது. பாரஃபின் மெழுகோ உருகும்போது கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; முழுவதும் உருகி முடியும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. இரவில் அந்த வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் உறைந்துவிடும்.

உறைய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். விற்பனையாளர் முதலில் காட்டியது 28 டிகிரியில் உருகும் மெழுகு; உருகுநிலை குறைந்தால் பேனல் அதிகம் குளிரும் என்பது அவருடைய வாதம். எங்கள் பக்கத்தில் பலர் வெளிச்செண்ணெய் என்று சொல்லும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைவது. மார்கழி அதிகாலையில் புட்டிக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் அந்த எண்ணெய், சித்திரையில் எந்த இரவிலும் உறைவதில்லை. கடலோரத்துச் சித்திரை இரவில் 28 டிகிரி மெழுகின் கதியும் ஏறக்குறைய அதுதான் என்று சொல்லி, 42 டிகிரியில் உருகுவதைக் கேட்டு வாங்கினேன். அது ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் உறைந்திருந்தது.

ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் (அந்தப் பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி, அளவையும் தனியே காட்டும் சிறு கருவி) இருப்பதால் ஒப்பிடுவது எளிதாக இருந்தது. காலை பதினொரு மணியளவில் சாதாரணப் பேனலின் பின்புறம் 57 டிகிரி காட்டியபோது, பெட்டி பொருத்தியது 46 டிகிரியில் நின்றது. இதைப் பார்த்து முதல் வாரம் மிகவும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பத்துக் கிலோ மெழுகு உருகும்போது வாங்கக்கூடிய வெப்பம் மொத்தமே 2,000 கிலோஜூல். முந்நூறு வாட் வேகத்தில் வெப்பம் இறங்கினாலும் இரண்டு மணி நேரத்திற்குள் அது நிரம்பிவிடும். நண்பகல் தாண்டியதும் வித்தியாசம் மறைந்தது. பிற்பகலில் கடற்காற்று மற்றப் பேனல்களின் பின்புறத்தைத் தடவிக் குளிர்விக்க, சூடான மெழுகைச் சுமந்த இரண்டும் அவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே சுட்டன. கணக்குப் பார்த்தால், நல்ல வெயில் நாளில் பேனலுக்குக் கிடைத்த மிச்சம் இருபது வாட் மணி அளவுதான். ஒரு யூனிட், அதாவது ஆயிரம் வாட் மணி, சேர ஐம்பது பேனல்களுக்கு இப்படிப் பெட்டி கட்ட வேண்டும்.

பெட்டியின் வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், உள்ளே அலுமினியத் தகடுகளை நெருக்கமாக நிறுத்தியிருக்கிறார்கள். இல்லையென்றால் பேனலை ஒட்டியிருக்கும் மெழுகு மட்டும் உருகி, மீதி கல்லாகவே கிடந்திருக்கும். உருகும்போது மெழுகு பத்து சதவீதத்தை ஒட்டி விரியும் என்பதற்காக மேலே இடமும் விட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் இரண்டாம் மாதத்தில் ஒரு பெட்டியின் மூலை பற்றவைப்பு விட்டு, மெழுகு சொட்டுச் சொட்டாகத் தரையில் வழிந்தது. சொன்ன நான்காம் நாளில் வந்து, பணம் வாங்காமல் மாற்றித் தந்தார்கள்.

எனக்கு உறுத்தியது எடைதான். இருபது கிலோவைச் சற்றே தாண்டிய பேனலின் மேல், தகடும் மெழுகுமாகப் பதினைந்து கிலோ கூடுகிறது. அதுவும் சட்டத்தில் தாங்காமல் பேனலின் பின்தாளில் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலைப் பார்த்தவர்கள் மாடியில் எதை ஏற்றினாலும் இருமுறை யோசிப்பார்கள். பேனலுக்கான உத்தரவாதம் இதன் பிறகும் செல்லுமா என்று கேட்டதற்கு, பெட்டி விற்றவரிடமிருந்து எழுத்தில் பதில் வரவில்லை.

காற்றே நுழையாத, பின்புறம் அடைபட்ட கூரையில் பேனல் வைத்திருப்பவர் ஒன்றிரண்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். எங்களைப் போல் காற்றோட்டமுள்ள மாடிக்கு, பேனலுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு சாண் கூடுதலாக விட்டு, உப்புப் படிவை வாரம் ஒருமுறை கழுவினாலே போதும். மீதி ஏழு பெட்டிகளுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன்.