காதில் விழும் எண் கையில் இலக்கமாவது எப்படி? மோதும் இரண்டு விளக்கங்கள்

‘தொள்ளாயிரத்து இருபத்தைந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால், எண் பழகும் வயதுப் பிள்ளை 90025 என்று எழுதலாம். 9025 என்றும் எழுதலாம். இரண்டும் தப்புதான். ஆனால் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில் அடித்துக்கொள்ளும் இரண்டு விளக்கங்களை உரசிப் பார்க்க இந்தத் தப்புகள் போதும்.

முதல் விளக்கம் பொருள் வழி. 1985-இல் உளவியலாளர் மைக்கேல் மெக்லோஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் முன்வைத்தது. காதில் விழுந்த சொல் முதலில் அளவாகப் புரிகிறது: ஒன்பது நூறு, இரண்டு பத்து, ஐந்து. அந்த அளவிலிருந்துதான் இலக்கம் பிறக்கிறது. 1990-இல் ரிச்சர்ட் பவரும் மரியா டால் மார்ட்டெல்லோவும் இத்தாலியக் குழந்தைகளை வைத்து இதை இன்னும் நுணுக்கினார்கள். 900-இன் கடைசி இரண்டு சுழியங்கள் மேல் 25-ஐப் பதிக்க வேண்டும். அந்த வேலை பிடிபடாத பிள்ளை 25-ஐப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. 90025 வருவது இப்படி.

இரண்டாவது விதி வழி. பாரூயே, காமோஸ், பெருஷே, செரோன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ‘அடாப்ட்’ மாதிரி. இதில் அளவு புரியவே வேண்டாம். பழகிய சொல்லுக்கு இலக்கம் நினைவிலிருந்து நேராக வருகிறது. ‘நூறு’ வந்தால் இரண்டு கட்டம் காலியாக விடு, ‘ஆயிரம்’ வந்தால் மூன்று விடு; அடுத்து வருவதை நிரப்பு, மிச்சக் கட்டத்தில் சுழியம் போடு. அவ்வளவுதான். விதி படியாத பிள்ளை 90025 எழுதுவதை இதுவும் விளக்கிவிடும். ஆக, அந்தத் தப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

9025 அப்படியில்லை. தொள்ளாயிரத்துக்குள் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. அது மூன்று கட்டத்தைத் திறந்துவிட்டால் 9025 தானாக வந்துவிடும். பொருள் வழிக்காரர் விடமாட்டார்: “பிள்ளை அதை ஒன்பதாயிரம் என்றே புரிந்துகொண்டிருக்கும்” என்பார். சரி, அதே பிள்ளையிடம் தொள்ளாயிரம் ரூபாய் பெரிதா, ஆயிரம் ரூபாய் பெரிதா என்று கேளுங்கள். ஆயிரம் என்று பளிச்சென்று சொல்லிவிட்டு 9025 எழுதினால், எழுதிய கை அளவைக் கேட்கவில்லை என்றுதான் பொருள். (தொண்ணூற்றைந்தை 905 என்று எழுதுவதும் இதே பொறிதான், அங்கே ஒளிந்திருப்பது ‘நூறு’.)

வெளிநாட்டுச் சான்றும் சொல்லின் அமைப்பைத்தான் கைகாட்டுகிறது. ஜெர்மன் மொழியில் 25-ஐ ‘ஐந்தும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். ஆஸ்திரியாவில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த 2009 ஆய்வில், எழுதிய தப்புகளில் ஏறக்குறைய பாதி இந்தத் தலைகீழ் வரிசையோடு தொடர்புள்ளவை. அதைவிட அழகான சான்று செக் மொழி. அங்கே 25-ஐ இரண்டு வரிசையிலும் சொல்லலாம். எண் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான். தலைகீழாகச் சொன்னால் இடம் மாற்றி எழுதும் தப்பு கூடுகிறது.

அப்படியானால் பொருள் வழியைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது. ‘ஒன்றேகால் லட்சம்’ என்பதை எழுதிப் பாருங்கள். ஒன்று எழுதலாம், லட்சத்துக்கு ஐந்து கட்டம் விடலாம். ‘கால்’ என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது? லட்சத்தில் கால் பங்கு இருபத்தைந்தாயிரம் என்று கணக்குப் பார்த்தால்தான் 1,25,000 வரும். ‘முக்கால் கோடி’ இன்னும் மோசம்: ‘கோடி’ ஏழு கட்டம் கேட்கிறது, வரும் விடை 75,00,000-இல் மொத்தமே ஏழு இலக்கம்தான். தினமும் காசோலை எழுதுபவருக்கு இவை மனப்பாடமாகியிருக்கலாம். முதல்முறை கேட்பவருக்கு அளவு புரியாமல் வழியே இல்லை.

இதனால்தான் இரண்டு வழியும் உண்டு என்கிற மூன்றாவது கட்சி. சிப்போலோட்டியும் பட்டர்வொர்த்தும் 1995-இல் விவரித்த, மூளை பாதிக்கப்பட்ட நோயாளி, எண்களை வாய்விட்டுப் படிப்பதிலும் சொல்லச்சொல்ல எழுதுவதிலும் திணறினார். கணக்குப் போடும் திறன் கெடவில்லை. எண்ணின் அளவு கைவசம் இருந்தும் எழுத்து வரவில்லை என்றால், எழுத வேறு பாதையும் இருக்கத்தான் வேண்டும் என்பது இவர்கள் வாதம்.

என் ஓட்டு, அன்றாட எண்களுக்கு விதி வழிக்கே. மூன்றாவது கட்சியிடம் எனக்கு ஒரே குறைதான்: எந்தத் தப்பைக் காட்டினாலும் இந்த வழி இல்லையென்றால் அந்த வழி என்று நழுவிவிடலாம். எப்போது எந்த வழி திறக்கும் என்று முன்கூட்டியே சொல்லாதவரை, அதைத் தோற்கடிக்கவே முடியாது.