நாலு வருஷம், ஒரு சின்னக் கல்லூரி: பீஸ் கட்டிய அப்பாவின் விமர்சனம்

மகள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் என்று பல துறைகளையும் கலந்து படிக்கும் இடம்) படித்தாள். எது மேஜர், அதாவது முக்கியப் பாடம், என்று 2-ஆம் வருஷ முடிவில் சொன்னால் போதும். உயிரியல் படிக்கப் போனவள் தத்துவத்தில் வந்து நின்றாள். "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று என் அம்மா இன்னும் கேட்கிறார்.

வகுப்பில் 12 பேர்தான். பாடம் எடுப்பதும் கட்டுரை திருத்துவதும் பேராசிரியரே. ஒரு கட்டுரையைப் பார்த்தேன்: ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், நடுவில் "இதை நீயே நம்புகிறாயா?" அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம்.

காசு என்றால், உதவித்தொகை போக மீதியே வீட்டுக்கடன் அளவு. இன்ஜினியரிங் கிடையாது. குளிர்கால விடுமுறையில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். பிள்ளை மூன்று வாரம் கப் நூடுல்ஸில் ஓட்டினாள்.

இளையவனைச் சேர்ப்பேனா? முழு உதவித்தொகை கிடைத்தால், சரி.