ஜாங்கோ லாகின்: நான்கு வருடம் கட்டி மேய்த்ததில் கண்டது

ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலை) ஜாங்கோவில், அதாவது பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கில், சரக்குக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகிறது. காட்பாடியில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். ஸ்டோர் கீப்பர், சூப்பர்வைசர், கணக்கர், முதலாளி என்று நான்கு ரோல்.

பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது, செல் நம்பரில்தான் லாகின். அதற்கு ஏற்றபடி பயனர் விவரத்தை நாமே அமைக்கும் சொந்த யூசர் மாடல் வசதி ஜாங்கோவில் 2013இல் 1.5 பதிப்போடு வந்தது. ஆனால் முதல் மைக்ரேட்டுக்கு (டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் கட்டளை) முன்பே வைத்துவிட வேண்டும். நான் பாதி வேலை முடிந்தபின் மாற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

பெரிய தலைவலி வேறு. ஒரு காலை ஸ்டோர் கீப்பர் போன் செய்தார். "தம்பி, பாஸ்வேர்டு கரெக்டாதான் போடறேன், வெட் புளூ ஸ்டாக் பக்கம் போனா திரும்ப லாகினே வருது." வெட் புளூ என்பது குரோமில் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் தோல். மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். அதேதான். பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை. அந்தப் புதுப் பக்கத்தின் அனுமதியை அவருடைய ரோலுக்கான குரூப்பில் சேர்க்க நான் மறந்திருந்தேன். பக்கத்தைத் திறக்குமுன் அனுமதி பார்க்க நான் வைத்த பர்மிஷன் ரிக்வயர்டு டெக்கரேட்டரோ, அனுமதி இல்லாதவரையும் லாகின் பக்கத்துக்கே தள்ளிவிடும். அதுதான் அதன் இயல்பு. எனக்கு இது பிடிக்கவே இல்லை. அதன் ரெய்ஸ் எக்ஸெப்ஷனை ட்ரூ என்று வைத்தபின்தான் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை, வந்தது, விஷயமும் புரிந்தது.

எனக்கு ஏன் தெரியாமல் போனது? எல்லாவற்றையும் சூப்பர்யூசர் கணக்கில் சோதித்திருந்தேன். சூப்பர்யூசர் என்றால் ஜாங்கோ எந்த அனுமதியையும் பார்க்காமல் கதவைத் திறந்துவிடும். நான் எழுதிய ரோல் சோதனை ஒருநாளும் சோதிக்கப்படவே இல்லை.

அப்புறம் சின்னச் சின்னது. ஜாங்கோ ஷெல்லில் (கட்டளைகளை நேராக அடிக்கும் இடம்) ஆட்களைச் சேர்க்கும்போது பாஸ்வேர்டு ஃபீல்டில் நேராக எழுதினால் ஹாஷ் ஆகாது (திருப்ப முடியாத குறியீடாக மாறாது), லாகினும் ஆகாது. செட் பாஸ்வேர்டு மெத்தடைத்தான் கூப்பிட வேண்டும். அதே ஷெல்லில் ஒரு யூசருக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டபின், அனுமதி கொடுத்துவிட்டு உடனே மறுபடி கேட்டாலும் 'இல்லை' என்றே சொல்லும், பழைய பதிலை அந்த ஆப்ஜெக்ட் வைத்திருப்பதால். ரிஃப்ரெஷ் செய்தால் போதாது, யூசரை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் போனது.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த வேலைக்கு ஜாங்கோதான். இப்போது ரோலுக்கு ஒரு டம்மி கணக்கு இருக்கிறது. புதுப் பக்கத்தை முதலில் ஸ்டோர் கீப்பராக நுழைந்து பார்க்கிறேன். முதலாளி கணக்கிலிருந்தும் சூப்பர்யூசர் டிக்கை எடுத்துவிட்டேன். மறுநாளே போன்: "இன்னா தம்பி, கம்பெனி என்னுதுதானே?"